போலந்துக்காரன் தொடாத தட்டு

என் அம்மா சுமியாத்தி யாரிடமும் எதையும் நேராகக் கேட்டதில்லை. கூரை ஒழுகினால் அப்பாவிடம் சொல்ல மாட்டாள், பூனையிடம் சொல்வாள். "பாரு, நீ படுக்கற எடமெல்லாம் நனையுது. இந்த வீட்டுல உனக்குன்னு யாரு இருக்கா?" அப்பா காதில் விழும்படி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா பெயர் வகிமின், மினிவேன் ஓட்டுபவர். ஹாரன் சத்தத்தில் மரத்துப்போன காது அது, பூனைக்குச் சொன்னதெல்லாம் அதில் ஏறாது. சலாத்திகா ஊரில் எங்கள் சந்து முழுக்க இப்படித்தான். மனதில் இருப்பதை அப்படியே சொல்பவர்களை வளர்ப்பு சரியில்லாதவர்கள் என்போம்.

அம்மா ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சந்தில் கல்யாணமோ சாவோ, சமையலுக்கு முதலில் ஆள் அனுப்புவது அவளுக்குத்தான். யாராவது குழம்பைப் புகழ்ந்தால், "எங்க, தண்ணியால்ல போச்சு" என்பாள். "இல்லவே இல்ல" என்று அவர்கள் மறுக்கும்வரை அங்கேயே நிற்பாள்.

எங்கள் மொழியைப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களை ஊரில் வீடுகளில் தங்க வைப்பார்கள். எதிர்வீட்டு இபு ருக்மினி அதில் பேர் வாங்கியவள். மரியாதைக்குப் பெண்களை இபு என்போம், ஆண்களை பாக் என்போம். உள்ளே ஏசி அறை, வாசலில் நூடுல்ஸ் கடை. இந்த வருடம் ஒருங்கிணைப்பாளர் பாக் ஹெந்த்ரோவிடம் பேசி அம்மாவையும் சேர்த்துவிட்டேன். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத பெண் நான், அம்மாவுக்காவது ஒன்றைப் பிடித்துக் கொடுத்த திருப்தி. எங்கள் பரம்பரையில் முதல் பட்டம் என்னுடையது. டிவிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சுவர் விரிசலை மறைப்பதைத் தவிர அது இதுவரை வேறு எதுவும் செய்யவில்லை.

வந்தவன் பெயர் கூபா, போலந்துக்காரன். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தான். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவன் என்பதால், வாயைத் திறந்தால் செய்தி வாசிப்பது போலிருக்கும்.

"தங்கள் இல்லம் மிக அழகாக உள்ளது, இபு."

"இது மாட்டுக்கொட்டாய் தம்பி," என்றாள் அம்மா. அவன் மரியாதையாகச் சுற்றிலும் மாட்டைத் தேடினான்.

மேசையையும் அவனுக்கென்றே வாங்கிய நீலப்பூத் தட்டையும் காட்டி, "சாப்பாடு இங்கதான் இருக்கும். பசிச்சா போட்டுச் சாப்பிடு" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. காலையிலேயே சமைத்து வலைமூடி போட்டு வைத்துவிடுவாள். பசித்தவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையில் அவள் கையில் கொடுத்த தேநீரையும் வாழைப்பழ பஜ்ஜியையும் கூபா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். மதியம் கேண்டீனில் பார்த்துக்கொண்டான். சாயங்காலச் சாப்பாட்டைத்தான் தொடவில்லை. பயணக் களைப்பு என்றாள் அம்மா. மறுநாளும் நீலப்பூத் தட்டு காய்ந்தே கிடந்தது. தேங்காய்ப்பால் குழம்பு இறங்கவில்லையோ என்று கோழி வைத்தாள். கோழியும் இறங்கவில்லையோ என்று மாட்டு வால் சூப் வைத்தாள். பெருநாளைக்குக்கூட எங்களுக்குக் கிடைக்காத சூப் அது. அவ்வளவையும் அப்பாதான் தின்று தீர்த்தார். "நல்ல பையன். வருஷம் முழுக்க இருக்கட்டும்," என்றார்.

அதற்குள் செய்தி சந்து முழுக்கப் பரவிவிட்டது. சுமி வீட்டு வெள்ளைக்காரன் தினமும் ருக்மினி கடையில் நூடுல்ஸ் சாப்பிடுகிறான்.

சனிக்கிழமை பாக் ஹெந்த்ரோ வருவார். வீடு பிடிக்கவில்லை என்று மாணவர் சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுவார். மாறினால் எதிர்வீட்டுக்குத்தான் போவான். "ஊருக்கே ஆக்கிப் போட்டவ, ஒத்தப் பையனுக்கு ஆக்கத் தெரியலன்னு பேசுவாங்க. அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவாங்க?" என்று அம்மா புலம்பினாள்.

வியாழக்கிழமை மாலை அவன் பக்கத்தில் இருக்கும்போதே பூனையிடம் ஆரம்பித்தாள். "சில பேருக்கு நம்ம சாப்பாடு எறங்க மாட்டேங்குது. என்ன பண்றது, சொல்லு."

கூபா கவலையோடு பூனையைப் பார்த்தான். "ஆம், மிகவும் மெலிந்துள்ளது. மருத்துவரிடம் காட்டலாமே."

"நேரா கேட்டுத் தொலையேன்மா," என்றேன் அடுப்படியில்.

"கேக்கறதா? வெள்ளைக்காரங்கள வற்புறுத்தினா கோவம் வரும், ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுங்கன்னு ஹெந்த்ரோ ஐயா கூட்டத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"அப்ப நான் கேக்கறேன்."

"நீ கேட்டா, நான் கேக்கச் சொன்னேன்னு நெனைப்பான்."

நானும் கேட்கவில்லை. கல்லூரியில் சமூகவியல் படித்திருக்கிறேன், மனிதர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் தெரியும். அந்தப் படிப்பு என் வாயைத் திறந்ததா, இல்லை இன்னும் நாகரிகமாக மூடக் கற்றுக்கொடுத்ததா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ருக்மினி கடைக்குச் சின்ன வெங்காயம் வாங்கக் கிளம்பினாள். வீட்டில் ஒரு கூடை வெங்காயம் இருந்தது.

கூபா பெஞ்சில் குனிந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"வாங்க சுமி அக்கா," என்றாள் ருக்மினி. "உங்க பையன் நேத்தும் இங்கதான். வளர்ற புள்ள, பசி தாங்குமா? பாவம்னு ரெண்டு முட்டை போட்டேன்."

"ஆமா, சின்னப் பசங்களுக்கு நூடுல்ஸ்னா உசுரு," என்று அம்மா சிரித்தாள். பிடிக்காத சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. வெங்காயத்தை வாங்கினாள், திரும்பினாள், இரண்டடி வைத்தாள். பிறகு நின்று அவனைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, என் சமையல் நல்லா இல்லையா?"

எனக்கு உடம்பு கூசிப்போனது. ருக்மினி நன்றாகக் காதில் விழட்டும் என்று அடுப்பைக் குறைத்தாள்.

கூபா எழுந்தான். தொங்கிய ஷாம்பு சரங்கள் தலையில் சிக்கின. "நன்றாக இருக்கும் என்றே எண்ணுகிறேன், இபு. நான் இன்னும் அதை உண்ணவில்லையே."

"அதான் ஏன்?"

"தாங்கள் ஒருமுறைதான் அழைத்தீர்கள். இவ்வூரில் முதல் அழைப்பு வெறும் மரியாதை, அதை ஏற்பது அநாகரிகம், மூன்றாம் அழைப்பு வரை காத்திருங்கள் என்று பாக் ஹெந்த்ரோ வகுப்பில் கற்பித்தார். ஆகவே தினமும் மேசையருகே நின்று காத்திருந்தேன். தங்கள் கணவர் வந்து உண்பார். மிக நன்றாக உண்பார்."

"பக்கத்துலயே நின்னியா? அந்த மனுஷன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"அண்ணன் எப்படிச் சொல்லுவாரு?" என்றாள் ருக்மினி. "சொன்னா வால் சூப்புல பங்கு போயிடுமே."

அம்மா அவளைக் கண்டுகொள்ளவில்லை. "நல்லாக் கேட்டுக்கோ தம்பி. சாப்பிட வா. சாப்பிட வா. சாப்பிட வா. மூணாச்சா?"

"ஆகிவிட்டது, இபு."

"அப்ப எந்திரி."

"இந்த நூடுல்ஸ்?"

"அத ருக்மினி சாப்பிடுவா."

அன்று அவன் மூன்று தட்டு சாப்பிட்டான். அம்மா எதிரிலேயே நின்றாள். பழக்க தோஷத்தில், "எங்க, தண்ணியால்ல போச்சு," என்றாள்.

"ஆம், சற்று," என்றான் கூபா. "உப்பும் குறைவு."

அம்மாவின் முகம் சுருங்கியது. இத்தனை வருட சமையலில் அந்த வாக்கியத்தை யாரும் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். கோபமா சமாதானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமையை நினைத்துப் பயமாக இருந்தது.

மறுநாள் பாக் ஹெந்த்ரோ சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். வீடு முழுக்கக் கோழிக்குழம்பு வாசனை. கூபா ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வாய் சாப்பிடுங்க ஐயா," என்றாள் அம்மா.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். இப்பதான் சாப்பிட்டு வரேன்."

வெறும் வயிற்றோடு வந்தவர்கள் சொல்வதுதான் இது. இன்னும் இரண்டு தடவை கேட்கவேண்டும் என்று சந்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"அப்படியா, சரி," என்று அம்மா கூபாவின் தட்டில் தொடைத்துண்டைப் போட்டாள். பாக் ஹெந்த்ரோவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அவர் கனைத்துக்கொண்டார். "கூபா, இந்த வீடு வசதியா இருக்கா? மாத்திக்கணும்னா தயங்காமச் சொல்லலாம். எதிர்வீட்டுல ரூம் காலியாத்தான் இருக்கு."

கூபாவின் வாய் நிறையச் சோறு. ஏதோ சொல்ல வந்து, விரலை உயர்த்தி, மென்றான்.

"சாப்பிடற புள்ளயக் கேள்வி கேக்காதீங்க," என்றாள் அம்மா, அவர் முகத்துக்கு நேராக. "அவன் இன்னும் ரெண்டு தடவை போட்டுக்குவான். முடிக்கட்டும், அப்புறம் கேளுங்க. அவசரமா இருந்தா போயிட்டு வாங்க."

கூபா மென்றபடியே குழம்புச் சட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டான்.