லேத்துக்கு வைத்த பொட்டு

அந்த வாரத்தில் காந்தா பேசிய முதல் சொல் "மண்ணெண்ணெய்". ரேஷன் கடையில் கேனை நீட்டிச் சொன்னபோது குரல் பாதிதான் வெளியே வந்தது. "ஜலதோஷமாம்மா?" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வந்தாள். ஜலதோஷம் இல்லை. நாலைந்து நாளாக அவளிடம் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில் வீடு. மாடியில் கொழுந்தன் எத்திராஜும் அவன் மனைவி கீதாவும். கீழே காந்தா மட்டும். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் இரும்பு கடையும் ஆறடி லேத் ஒன்று நின்றது. மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் அவள் கணவன் மோகன்ராஜ் எடுத்தது. போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், புஷ் என்று வருகிற வேலைகளை அவன் கடைந்து கொடுத்தான். பிசிறு தட்டியது, எண்ணெய் விட்டது, டூலைத் தீட்டியது காந்தா. அவன் டெலிவரிக்குப் போன நேரத்தில் மெஷினை ஓட்டியதும் அவள்தான். ஆனாலும் ஊரார் கணக்கில் அவள் வீட்டில் சும்மா இருப்பவள். வாடிக்கைக்காரர்களிடம் மோகன்ராஜ்கூட உண்மையைச் சொன்னதில்லை. நல்லவன்தான். நல்ல ஆண்களும் இந்த ஒரு பொய்யைக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.

மாரடைப்பில் அவன் போனான். அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்தின் மழையில், ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்தபோது லேத் முழுக்கச் சேறு. பிறகு துரு.

எத்திராஜ் ஷெட் வாசலில் நின்று பார்த்தான்.

"மெப்ஸ் கம்பெனிங்கள்ல வேலை பாக்குற பசங்க ரூம் கேட்டுகினே கீறாங்க அண்ணி. இந்த எடத்த சும்மா வெச்சிகினு இன்னா பண்றது?"

"நான் சரி பண்ணிடுவேன் தம்பி."

அவன் சிரித்தான். "இன்னா, புளி போட்டு வெளக்கப் போறீங்களா? சரி, ஆயுத பூஜைக்குள்ள ஓடினா வெச்சுக்கோங்க. இல்லாங்காட்டி காயலாங்கடைக்காரன் வந்து தூக்கினு போவட்டும்."

கணவனின் பாதி வீடு அவளுக்கு உண்டென்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் பஸ் ஏறி முடிச்சூர் வந்து எத்திராஜிடம் அதைச் சொல்லாது.

அன்றிலிருந்து அவள் ஷெட்டிலேயே கிடந்தாள். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டாள். கியர் பெட்டியிலிருந்து சேற்றைக் கரண்டியால் வழித்தாள். மோட்டாரைத் தாம்பரத்துக்கு அனுப்பிக் காயில் கட்டி வாங்கினாள். பெட் என்று சொல்கிற நீளமான இரும்புப் பாதைதான் லேத்துக்கு உயிர். டூல் அதன்மேல்தான் ஊர்ந்து போகும். அது பழுதானால் கடைவது எல்லாம் கோணும். அதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. எமரித் தாள் போட்டு, எண்ணெய்க் கல் போட்டு, விரலால் தடவி, மறுபடி தேய்த்தாள்.

ஒருநாள், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் மூன்று பற்களையும் வரிசை மாற்றிப் பொருத்திவிட்டாள். கம்பியைப் பிடித்துச் சுற்றினால் அது குடிகாரன் மாதிரி ஆடியது. மறுபடி கழற்றித் துடைத்தபோது ஒவ்வொரு பல்லிலும் எண் வெட்டியிருந்தது தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தாள். அதைச் சொல்ல ஷெட்டில் யாரும் இல்லை. மண்ணெண்ணெய் நாற்றம் பிடித்த தாலியறுத்தவளை எந்த வீட்டிலும் விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. மற்ற நாட்களில் கூப்பிட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பூஜைக்குச் சில நாள் முன்பு லேத் ஓடியது. சத்தம் கேட்டு எத்திராஜ் இறங்கி வந்து, சுற்றுகிற சக்கைப் பார்த்துவிட்டுப் போனான்.

காந்தா பெருங்களத்தூருக்குப் போய் மோட்டார் ரிப்பேர் கடை பட்டாபிராமனிடம் சொன்னாள். மோகன்ராஜின் பழைய வாடிக்கை.

"சந்தோஷம்மா. பூஜை போடுங்க. மறுநாள் காலைல ராகு காலம் முடிஞ்சு, ஒம்பது மணிக்கு மேல நானே ஷாஃப்ட்டோட வர்றேன். ஒரு நல்ல கை சுவிட்சைப் போட்டு ஆரம்பிக்கட்டும்."

எந்தக் கை நல்ல கை என்று அவள் கேட்கவில்லை. வேலை வேண்டியிருந்தது.

ஆயுத பூஜையன்று எத்திராஜ் வாழைக்கன்று கட்டினான். "அண்ணி, கொஞ்சம் வெளில நில்லுங்க. தப்பா நெனச்சிக்காதீங்க, நல்ல காரியம்."

வெளியே நின்றாள். கீதா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

"அக்கா, பொட்டே ஒட்ட மாட்டேங்குது. ஒரே எண்ணெயா கீது."

"எண்ணெயத் தொடைக்காதே கீதா! பெட்டு மேல எலுமிச்சம்பழமும் வைக்காதேம்மா. துரு ஏறிடும்."

"சாமிக்கு வைக்கிறதுல இன்னா துரு? பேஜார் பண்ணாதீங்க அண்ணி," என்றான் எத்திராஜ்.

கீதா துணியால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தாள். பெட் நெடுக ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரண்டு முனையிலும் அறுத்த எலுமிச்சம்பழம். காந்தாவின் நெற்றிக்கு ஆகாது என்று எடுத்த குங்குமம் இரும்புக்கு ஆயிற்று. சேற்றிலிருந்து அதைத் தூக்கி நிறுத்திய கை தீட்டு. தெருவில் பூசணிக்காய் உடைத்தார்கள். எத்திராஜ் ஷெட்டைப் பூட்டிச் சாவியை மாடிக்குக் கொண்டு போனான். மறுநாள் நல்ல நேரத்தில்தான் திறக்க வேண்டுமாம்.

காலை எட்டு மணிக்கு அவள் மாடிப்படி ஏறினாள். கீதா கதவைத் திறந்தாள்.

"சாவி."

கீதா உள்ளே பார்த்தாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் காந்தாவின் கையில் வைத்தாள். "சீக்கிரம் போங்கக்கா."

எலுமிச்சைச் சாறு வழிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் பழுப்பாக ஒரு வட்டம். காந்தா உட்கார்ந்து அழவில்லை. எண்ணெய்க் கல்லை எடுத்தாள். வட்டங்கள் போயின. சாறு பட்ட இடத்தில் மட்டும் நகம் தட்டுகிற மாதிரி ஒரு சொரசொரப்பு நின்றது. எண்ணெய் பூசி, ஒரு கம்பியைச் சக்கில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். கம்பி ஆடாமல் சுற்றியது. சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது.

பட்டாபிராமன் வந்தபோது தரையெல்லாம் சுருள். அவர் பின்னாலேயே எத்திராஜ்.

"ஆரம்பிச்சிட்டியாம்மா? ராகு காலத்துலயா?"

"துரு ராகு காலம் பாத்து ஏறல சார்."

அவர் ஷாஃப்ட்டைக் கீழே வைக்கவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்," என்று வண்டியைத் திருப்பினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

"வந்த வேலைய வெரட்டிட்டீங்களே அண்ணி!"

"ஓடினா வெச்சுக்கச் சொன்னீங்க தம்பி. ஓடுது, பாருங்க."

எத்திராஜ் பார்த்தான். சொன்ன வார்த்தை அவனுடையது. மாடிக்குப் போய்விட்டான். அதன்பின் காயலாங்கடைப் பேச்சு எழவில்லை. வேறு பேச்சும் எழவில்லை.

ஓடுகிற மெஷினும் வேலை இல்லாத கையுமாகச் சில வாரம் போயிற்று. தீபாவளி நெருக்கத்தில் ஒரு காலை, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கும் கன்னியம்மா ரோலரில் மாட்டும் தேய்ந்த புஷ் வளையத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள்.

"ரோலர் ஆட்டமா ஆடுதுக்கா. லேத்துக்காரர் இல்லியா?"

"நான்தான்."

"அட, நீயா? சாய்ங்காலத்துக்குள்ள குடுத்துடு. ஊருக்குப் போற கூட்டம் அலமோதுது."

"உக்காரேன். கொஞ்ச நேரத்துல ஆயிடும்."

"வண்டி தனியா நிக்குதுக்கா," என்று ஓடிவிட்டாள்.

புது புஷ்ஷுக்கான பித்தளையை மெதுவாகவே கடைந்தாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ போட்டு வைத்தாள். கன்னியம்மா வந்து, புஷ்ஷுக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்து, "சோக்கா கீதுக்கா," என்றாள். டீயைக் காட்டுவதற்குள் தெரு முனைக்குப் போய்விட்டாள்.

காந்தா ஒரு டீயைக் குடித்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் அடியில் போய் நின்றாள்.

"கீதா."

குரல் முழுசாக வந்தது. மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. டம்ளர் சூடு ஆறுவதற்குள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.