பட்டியலில் மேலே இருந்தவள்

கல்லூரியை முடித்ததிலிருந்து பிரஜினாவுக்குக் கல்யாண வீடு என்றாலே ஆகாது. கேரளத்தில் எங்கள் கொயிலாண்டிப் பக்கத்தில் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே கேள்வியைப் போட்டுவிடுவார்கள். "இப்ப என்ன பண்றே மோளே?" கணக்கில் எம்.எஸ்ஸி. படித்து முதல் வகுப்பு வாங்கியவளுக்கு இதற்கு மட்டும் விடை தெரியவில்லை. பாயசம் வருமுன் எழுந்து ஓடிய கல்யாணங்கள் உண்டு. பிறகு போவதையே விட்டுவிட்டாள்.

தூக்கம் போனது, முடி கொட்டியது. பைத்தியம் பிடிக்காமல் அவளைக் காப்பாற்றியது ஊர் வாசகசாலைதான். அவளைப் போலவே ஏழெட்டுப் பேர் அங்கே கூடி அரசுத் தேர்வுக்குப் படிப்பார்கள். யாருக்காவது அழுகை வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எல்லோருமாக டீ குடிக்கப் போவார்கள். வேலை கிடைத்தவர் மற்றவர்களுக்குப் பரோட்டாவும் பீஃபும் வாங்கித் தர வேண்டும். மற்றவர்கள் பொறாமையையும் சேர்த்து விழுங்கிவிட வேண்டும். வீட்டில் அண்ணன் ஷினோஜ் இருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். வேலை எப்போது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகவே அவனைக் கும்பிடலாம் என்று பிரஜினா நினைப்பாள்.

கடைசியில் குமாஸ்தா தேர்வின் ரேங்க் பட்டியலில் அவள் பெயர் வந்தது. ஆனால் பட்டியலுக்கும் ஆயுள் உண்டு. அந்த மாதக் கடைசியோடு அது காலாவதியாகிவிடும். மிச்சமிருந்தது ஒரே காலியிடம். அவளுக்கு மேலே இருந்ததும் ஒரே பெயர், பேராம்பிரா ஊர்க்காரி விஜிஷா. அவள் ஏற்கெனவே ஒரு கூட்டுறவு வங்கியில் சேர்ந்துவிட்டாள். 'எனக்கு வேண்டாம்' என்று அவள் எழுதிக் கொடுத்தால் இடம் பிரஜினாவுக்கு. இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து வருஷக்கணக்கில் படிக்க வேண்டியதுதான்.

மேலே இருப்பவர் வீடு தேடிப் போய்க் கேட்பது எங்கள் ஊர்களில் எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் பிரஜினாவுக்குக் கூசியது.

"நான் வரல ஏட்டா. பிச்சை கேக்குற மாதிரி இருக்கு."

"நீ வாயே திறக்க வேண்டாம். பக்கத்துல உக்காரு, போதும். நான் பேசிக்கிறேன்," என்றான் ஷினோஜ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கிளம்பினான். கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் விஜிஷாவின் அம்மா சௌமினி எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையில் இளைஞன், கூடவே தங்கை, கையில் பலகாரம். கல்யாணத் தரகர் அந்த வாரம் யாரோ வருவார்கள் என்று சொல்லியிருந்தார். உட்காரவைத்து, அச்சப்பமும் பழமும் எடுத்துவைத்து, விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஆட்டோ சொந்தமா மோனே?"

"சொந்தம்தான். ஆனா பாதி நாள் ஒர்க்‌ஷாப்புலதான் கெடக்கும்."

"வீடு?"

"ஓட்டு வீடு. மழை பெஞ்சா ஒழுகும்."

கஷ்டத்தைச் சொன்னால் மனம் இரங்குவார்கள் என்பது அவன் கணக்கு. எதையும் மறைக்காத பையன் என்று சௌமினி பூரித்துப்போனாள். உள்ளேயிருந்து விஜிஷா டீத் தட்டோடு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இப்ப கல்யாணம் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது அம்மே?"

ஷினோஜ் துள்ளி எழுந்ததில் டீ அவன் சட்டையில் கொட்டியது. "ஐயோ, நாங்க பொண்ணு பாக்க வரல. ரேங்க் பட்டியல் விஷயமா வந்தோம்."

சௌமினி வாயைப் பொத்திக்கொண்டாள். விஜிஷா பிரஜினாவையே பார்த்தாள்.

"நீதான் பிரஜினாவா? என் பேருக்கு நேர் கீழ உன் பேரு. தினமும் பாக்குறேன்." தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எழுதிக் குடுக்கணும்னு தெரியும். ஆனா பேங்க்ல ஒரு மாசம் சம்பளம் வருது, ஒரு மாசம் வரல. படிப்பு முடிச்சு நாலு வருஷம் சும்மா இருந்தவ நான். அந்தப் பயம் இன்னும் போகல."

அவள் குரலில் இருந்த நடுக்கம் பிரஜினாவுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். கேட்க வந்ததைக் கேட்க அவளால் முடியவில்லை.

"அப்ப எழுதாதீங்க சேச்சி. நீங்களே வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஷினோஜ் திருதிருவென்று விழித்தான். திரும்பும் வழியெல்லாம் அவன் திட்டவில்லை; டீக்கறைச் சட்டையோடு ஆட்டோவை ஓட்டினான். அந்த மௌனத்துக்கும் அவள் நன்றி சொல்லிக்கொண்டாள், மனசுக்குள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நியமனத் தகவல் வந்தது. பிரஜினா உடனே விஜிஷாவுக்குப் போன் போட்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள்; அழுகைதான் வந்தது. மறுமுனையில் விஜிஷா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழாதே. நீ வேண்டாம்னு சொல்லிட்டுப் போனப்புறம் அதைப் பிடிச்சு வெச்சுக்க எனக்கு மனசு வரல," என்றாள். "பேங்க்ல சேந்து எட்டு மாசம் ஆச்சு. எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்தப்பதான் மோளே, எனக்கு வேலை கிடைச்சிருச்சுன்னு மனசுக்குப் பட்டுச்சு."