மச்சான் அடைத்த சுவர்

சுவருக்குள் சீமெந்து பொத்தென்று விழுந்த சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். எங்கள் பக்கத்துக்கும் மூத்தவளான ராத்தாவின் பக்கத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் ஜிப்சம் போட் பலகை. வாப்பா ராத்தாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு, எனக்கு மாப்பிள்ளை வந்தபோது அப்படித்தான் இரண்டானது. சாய்ந்தமருதில் வீடு கட்ட இன்னொரு வளவுக்கு எங்கே போவது? அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், ஓட்டை அடைக்கிறார் என்பதும் அப்படியே தெரிந்தது.

அந்த ஓட்டை ராத்தா போட்டது. நோயில் கிடந்த கடைசி மாதங்களில், பிடித்து நடக்கும் அலுமினியச் சட்டத்தோடு குளியலறைக்குத் திரும்பும்போதெல்லாம் மோதி மோதிப் பலகை உள்ளே போய்விட்டது. அவர் மௌத்தான பிறகு மச்சான் அதைத் தொடவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்த பிறகுதான் கொத்துக் கரண்டியை எடுத்தார். கல்வீட்டில் வளர்ந்த மனிதர். ஓட்டை என்றால் சீமெந்துதான். குழைத்து அப்பியதெல்லாம் சுவரின் வயிற்றுக்குள் போனது, ஓரங்கள் ஊறி ஓட்டை இன்னும் பெரிதானது. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு பிழையாய்ப் போய்விட்டதே என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு போனில் வீடியோ பார்த்து முறையாகச் செய்தார். சிதைந்த இடத்தைச் சதுரமாக அறுத்து, உள்ளே ஒரு சட்டத்தை வைத்து முடுக்கி, அதன்மேல் புதுத் துண்டைப் பொருத்தினார். ஓரங்களுக்கு வலைநாடா ஒட்டி, வெள்ளைப் பசை பூசி, காயவிட்டுத் தேய்த்துத் தேய்த்து மறுபடி பூசினார். பெயின்டும் அடித்த பின் விரலால் தடவினாலும் இடம் பிடிபடவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த வீட்டில் ராத்தாவின் கை பட்ட அடையாளம் ஒன்று குறைந்துபோனது.

அன்றுதான் தன் உடுப்புப் பையையும் கட்டினார். சம்மாந்துறையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம். இருப்பது ஒரே அறை; புது மருமகனுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம். என் மகன்மார் பெண் கட்டிய வீடுகளுக்குப் போய்விட்டதால் எங்கள் முன்னறை சும்மாதான் கிடக்கிறது, அங்கே இருங்கள் என்றோம்.

"அது உங்கட வீடு மச்சி. ஆம்புளைக்கு இஞ்ச ஏது வீடு? முதல்ல உம்மாட வீடு, பொறகு பொஞ்சாதிட வீடு. ஓட்டைய அடச்சாச்சி, இனி என்ன வேல எனக்கு?" என்றார் என்னிடம்.

அவர் மகள் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். குசினிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து, பெயின்ட் காயாத அந்த இடத்திலேயே ஓங்கி ஒரு குத்து. மருதாணிக்குக் காத்திருந்த கையெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஓட்ட இரிக்கி வாப்பா," என்றாள். "அடைக்காமப் போக ஏலா."

மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் முன்னறைக்கு வந்தார்.

இப்போது அவருக்குப் பேத்தியும் இருக்கிறாள். புதுத் துண்டு, பசை, நாடா எல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. எப்போது அடைக்கப் போகிறீர்கள் என்று யார் கேட்டாலும், மழை விடட்டும் என்கிறார்.