நீர்த்தேக்கத்தைச் சுற்றி முடிக்காதவன்

லண்டனிலிருந்து எங்கள் ஓட்டக் குழுவின் பஸ் வந்து நிற்கும் இந்த மேட்டுநிலத்தில் மரமே இல்லை. புதரும் ஈரக் கரிமண்ணும் நடுவே ஒரு நீர்த்தேக்கமும்தான். அதைச் சுற்றிய ஒற்றையடிப் பாதையில் இன்று ஓட்டப்போட்டி.

நான் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். ஓடைத் தண்ணீர் வெறுந்தேநீர் நிறத்தில் இறங்குகிறது. அள்ளிப் பார்த்தால் அழுக்கில்லை. கரிமண்ணின் சாயம் போலும். அதைப் பார்த்து நிற்கும்போதே எல்லோரும் முந்திப் போகிறார்கள். கடைசியாக வந்து சேர வெட்கப்பட்டு, குறுக்குப் பாதையால் இறங்கிப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொள்கிறேன்.

கண்ணாடியில் யாரோ தட்டுகிறார்கள். காலையில் எனக்குப் போட்டி எண் தந்த பெண். யாழ்ப்பாணத்தவள், இப்போது இந்த ஊர்க்காரி.

"முப்பத்தேழு நீங்கள்தானே அண்ணை? இங்கையோ இருக்கிறியள்!"

"ஓம். ஏலாமப் போச்சு. அதுதான் பேசாம வந்திட்டன்."

"விட்டிட்டு வரலாம். ஆனா வந்து சொல்லவேணும். மேட்டில ஓடப்போன ஆக்கள் எல்லாரும் இறங்கி வந்தாத்தான் நாங்கள் வீட்டை போவம். உங்களைத் தேடி ரெண்டு பேர் மேல போயிட்டினம்."

மழை மூட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் மேலங்கிகள் தெரிகின்றன. அவள் வாக்கிடோக்கியில் பேச, அவை நின்று திரும்புகின்றன.

"உள்ளுக்கை இருங்கோ அண்ணை, குளிருது."

"இல்லை தங்கச்சி, அவை வரட்டும்." இறங்கி அவளருகே நிற்கிறேன். "'சாரி' எண்டதோட அவையிட்ட வேற என்ன சொல்ல?"

"அவையிட்ட உங்கட பேரைச் சொல்லுங்கோ. பட்டியலில பாத்து அதைத்தான் இவ்வளவு நேரமும் கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சவை."