ஹுத்தியாக் கேப்டனும் சுருட்டுக்காரர் ரைமுந்தோவும்

கமஹுவானி ஊர்ச் சுருட்டுத் தொழிற்சாலையில் ஜன்னலோர மேசை ரைமுந்தோவுடையது. முப்பத்தொரு வருஷமாக அதே மேசை, அதே முக்காலி. விரல்கள் தம்பாட்டுக்குப் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். காதுகள் மட்டும் மேடையில் உட்கார்ந்து நாவல் படித்துக் காட்டும் சொராய்தாவிடம் இருக்கும். தானாக ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. ஆனால் இருநூறு நாவல்களுக்கு மேல் கேட்டிருந்தார். ஊரில் வக்கீலைவிடத் தனக்கு விஷயம் தெரியும் என்பது அவருடைய எண்ணம். வக்கீலின் எண்ணம் வேறு.

எந்த நாவலைப் படிப்பது என்று கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ரைமுந்தோ எப்போதும் போர் நாவல் கட்சி. ஆள் செத்தால் ஆயிரம் பேராவது சாகவேண்டும், ராஜாக்கள் துரோகம் செய்யவேண்டும். அந்த மார்ச் மாதத்தில் போர் நாவல்காரர்களும் துப்பறியும் நாவல்காரர்களும் ஒருவரையொருவர் கவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள். இடையில் புகுந்து இரண்டே ஓட்டில் ஜெயித்துவிட்டது ‘நான்கு வாலும் ஒரு நண்டும்’.

கதைத் தலைவி ஒரு ஹுத்தியா. மலைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவுகிற, முயல் பருமன் உள்ள எலி. காடு தீப்பிடித்து எரிந்ததும், அவள் ஒரு கிழப் பெலிக்கனையும், பயந்த சுபாவமுள்ள ஓர் உடும்பையும், ஓர் ஆட்டையும், ஒரு நண்டையும் கூட்டிக்கொண்டு, பனம்பட்டைத் தெப்பத்துக்குக் கேப்டனாகி, ஆற்றோடு கடல் தீவுக்குக் கிளம்புகிறாள். பின்னால் துரத்தி வருவது கீரிப்படை.

“தோழர் சொராய்தா!” என்று எழுந்தார் ரைமுந்தோ. “நாங்க என்ன பால்குடி பிள்ளைங்களா? எலி கப்பல் ஓட்டுறதைக் கேட்டுக்கிட்டு சுருட்டுச் சுத்தணுமா?”

“ஓட்டு ஓட்டுதான் தோழரே. உக்காருங்க” என்றாள் சொராய்தா.

மறுநாள் வீட்டிலிருந்து பஞ்சு எடுத்துவந்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கும்படியாகத்தான் அடைத்தார். நான்காம் நாள் பக்கத்து மேசை ஃபெர்மின் உற்றுப் பார்த்தார். பஞ்சு ஒரு காதில்தான் இருந்தது. அதுவும் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கத்துக் காதில்.

“என்னய்யா, ஒரு பக்கம் விழுந்துடுச்சா?”

“பஞ்சு தட்டுப்பாடு. உன் வேலையைப் பாரு.”

அன்று சாயங்காலம் சொராய்தா, ‘நண்டு தன் வாலை நீட்டியது’ என்று வாய் தவறிப் படித்துவிட்டாள். “நண்டுக்கு ஏது வாலு? கொடுக்கு!” என்று கூடமே அதிரக் கத்தியவர் ரைமுந்தோ. நூற்றிருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து ஒரு இலையை ரொம்ப நேரம் நீவிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மச்சான் மலையிலிருந்து இறங்கி வந்தார். கையில் பெரிய பாத்திரம். தக்காளியும் பூண்டும் போட்டு மணக்க மணக்கச் சமைத்த ஹுத்தியாக் குழம்பு. சின்ன வயதிலிருந்தே ரைமுந்தோவுக்கு அதற்கு மேல் ஒரு சாப்பாடு கிடையாது. அவர் மனைவி நெரெய்தா சோற்றைக் குவித்து, நல்ல தொடைத் துண்டாகப் பார்த்து வைத்தாள். ரைமுந்தோ தட்டைப் பார்த்தார். தட்டு அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. மெல்லத் தள்ளிவைத்தார்.

“என்ன ஆச்சு கிழவா?”

“பல்லு வலி.”

“பஞ்சு மாதிரி வெந்திருக்கு. பல்லே இல்லாம திங்கலாம்.”

“வயித்துலயும் வலி.”

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் காத்திருந்து பிடித்த பிராணி. ரைமுந்தோ வெறும் சோற்றோடு கறுப்பு அவரையைப் பிசைந்து சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போது நெரெய்தா கேட்டுக் கேட்டுத் துளைத்தெடுத்ததில் உண்மை வெளியே வந்தது. அவள் ஈரக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என் அண்ணன் முகத்தை முறிச்சது ஒரு எலிக்காகவா?”

“கேப்டன்” என்று திருத்தினார் ரைமுந்தோ.

வயிற்று வலி என்று சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ரொம்ப நாளாகக் குடலிறக்கம் இருந்தது. சாந்தா கிளாரா ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை. ஆனால் திங்களன்று சொராய்தா புத்தகத்தை மூடிய இடம் எப்படிப்பட்டது! தெப்பம் சதுப்புக்காட்டு வேரில் மாட்டிக்கொண்டது. மூன்று பக்கமும் கீரிகள். நீர் வற்றிக்கொண்டே போகிறது.

“ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன?” என்றார் ரைமுந்தோ வீட்டுக்கு வந்து. “முப்பது வருஷமா இறங்கியிருக்குற குடல், இன்னும் ஒரு வாரம் இருக்காதா?”

நெரெய்தா அவருடைய பைஜாமாவைப் பையில் வைத்துக் கட்டினாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து ரைமுந்தோ கேட்ட முதல் கேள்வி, “தண்ணி ஏறிடுச்சா?” நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

வியாழக்கிழமை ஃபெர்மின் பார்க்க வந்தார். பழம் கொண்டுவந்தார், குறும்பும் கொண்டுவந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“சொல்லுடா. என்ன ஆச்சு?”

“எப்படிச் சொல்லுறதுன்னு தெரியலய்யா. கேப்டனைக் கீரி கடிச்சிடுச்சு.”

“கடிச்சு?”

“போயிட்டா.”

ரைமுந்தோ எழுந்திருக்கப் பார்த்து, தையல் சுரீரென்று இழுத்து, அப்படியே சாய்ந்தார். “பொய்! சொராய்தா கையில இன்னும் நூறு பக்கம் தடிமன் இருக்கு. கேப்டன் செத்தா அந்த நூறு பக்கம் எதுக்குடா? ஆட்டைப் பத்தி எழுதவா?” நர்ஸ் ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்ததும் ஃபெர்மினை வெளியே அனுப்பினாள்.

அடுத்த கட்டிலில் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜெண்ட் ஒருவர், அபெலார்தோ என்று பெயர். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவர். “யாரு அந்தக் கேப்டன்? எந்தப் படை?” என்று கேட்டார். ரைமுந்தோ விளக்கம் சொல்லப் போக, அது காடு எரிந்ததிலிருந்து ஆரம்பித்து ஒரு முழு சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது. பெலிக்கனுக்கு ஒரு கரகரத்த குரல் கொடுத்தார். உடும்புக்குத் திக்குவாய் கொடுத்தார். புத்தகத்தில் அப்படி இல்லை. எட்டுக் கட்டில்காரர்களும் தலையணையைச் சாய்த்துவைத்துக் கேட்டார்கள். சிரிக்கிற இடம் வந்தால் எல்லோரும் வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். கடைசியில் தெப்பம் சதுப்பில் மாட்டிய இடத்துக்கு வந்ததும் கதை நின்றுபோனது.

“அப்புறம்?” என்றார் சார்ஜெண்ட்.

“அப்புறம் எனக்கே தெரியாது சார்ஜெண்ட்.”

“நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. தெரியாம நான் போகமாட்டேன்.” அவர் குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டால் திருடர்கள்கூடச் சரணடைந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அதையெல்லாம் கேட்ட நெரெய்தா தலையில் அடித்துக்கொண்டாள். “தையல் பிரிஞ்சா மறுபடி தைக்கிறதுக்கு நான்தானே அலையணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் பஸ் பிடித்து கமஹுவானிக்குப் போனாள். தொழிற்சாலைக்குள் போகக் கூச்சப்பட்டுத் தெருவில் ஜன்னலோரம் நின்றாள். ஃபெர்மின் பார்த்துவிட்டு, செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தன் முக்காலியை ஜன்னல் வழியே வெளியே நீட்டினார். விட்டுப்போன மூன்று நாள் கதையையும் மறைக்காமல் சொன்னார். அதன் பிறகு சொராய்தா படிக்க ஆரம்பித்தாள். நெரெய்தா அரை மணி கேட்டால் போதும் என்று வந்தவள். ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். முடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டிப் பாராட்டினார்கள். அவள் தன் கைப்பையைத் தட்டினாள்.

சாயங்காலம் வார்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். உடை மாற்றி, பையோடு தயாராக நின்ற சார்ஜெண்ட் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

“கேப்டன் உசிரோடதான் இருக்கா” என்றாள் நெரெய்தா முதலில்.

ரைமுந்தோ கண்ணை மூடித் திறந்தார்.

“ஆனா பெலிக்கன்...” என்று நிறுத்தினாள். “கேளு. நிலா இல்ல. தண்ணி கணுக்கால் அளவுகூட இல்ல. கிழவன் என்ன செஞ்சான் தெரியுமா? ‘எனக்கு இறக்கை ஒடிஞ்சுபோச்சு’ன்னு பொய்யாக் கத்திக்கிட்டே, நொண்டிக்கிட்டே, எதிர்க்கரைக்குப் போனான். கீரிங்க அத்தனையும் அவன் பின்னாடியே போச்சு. கடல்தண்ணி திரும்ப ஏறினதும் தெப்பம் மிதந்துச்சு. கேப்டன் கரையைப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. பதில் வரல.”

சார்ஜெண்ட் கைக்குட்டையில் சத்தமாக மூக்கைச் சிந்தினார். ரைமுந்தோவின் கன்னத்தில் ஈரம் ஓடியது. நெரெய்தா அதைப் பார்த்துவிட்டாள்.

“உங்கப்பாவை அடக்கம் பண்ணினப்போகூட நீ அழல.”

ரைமுந்தோ யோசித்தார். “மனுஷன் செத்தா அவன் செஞ்சதெல்லாம் கூடவே ஞாபகம் வந்துடுது, நெரெய்தா. அப்பா என்னை அடிச்சது, அம்மாவைப் பேசினது. இந்தப் பெலிக்கன் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சுது?”

“மீனைக் கேட்டுப் பாரு” என்றாள் நெரெய்தா.

எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் கதவில் நின்று திட்டினாள். ஆனால் தீவு வந்ததா என்று கேட்காமல் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ரைமுந்தோ வேலைக்குத் திரும்பியபோது நாவல் முடிந்திருந்தது. முடிவைச் சொல்லிவிடத் துடித்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் வாயை சொராய்தா பார்வையாலேயே அடைத்தாள். புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, “பத்திரமாத் திருப்பிக் கொண்டாங்க தோழரே” என்றாள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

“நீயே படிச்சுக்கோ” என்றாள் அவள். “எழுத்துத் தெரியுமில்ல?”

“படிச்சா கை வேலை செய்யாது. நீ படி, நான் அவரையை உரிக்கிறேன்.”

அவள் படித்தாள். கடைசி அத்தியாயத்தில் தீவு கண்ணில் பட்டது. கேப்டன் மணலில் காலை வைத்தாள். உடும்பு பயப்படாமல் முதல் தடவையாகத் தனியாக நடந்துபோனது. நெரெய்தா புத்தகத்தை மூடினாள். ரைமுந்தோவின் மடியில் உரித்த அவரை மூன்று பேருக்குப் போதுமான அளவு கிடந்தது. அவர் உரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“தீவுல என்ன சாப்பிட்டாங்கன்னே எழுதலியே.”

“அவரையைத்தான் சாப்பிட்டிருப்பாங்க. கொடு இங்க, அடுப்பு அணையுது” என்று மடியிலிருந்ததை வாரிக்கொண்டு எழுந்தாள் நெரெய்தா.