அத்தானின் விரல் அகலம்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என் அக்கா வீட்டுக்காரர், இருபத்தாறு வருஷம் ஒரே பட்டறையில், இரும்பைத் தேய்த்துப் பொருத்துகிற ஃபிட்டர். அரம் பிடித்துப் பிடித்து விரல்கள் தடித்துப் போனவர். முழங்கால் போனதும் நின்று வேலை பார்க்க முடியவில்லை. இயந்திர வரைபடங்களை லேப்டாப்பில் திறந்து காட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

தகராறெல்லாம் டச்பேடில். வரைபடத்தை நகர்த்த இரண்டு விரல் வைக்க வேண்டும். அத்தான் வைத்தால் படம் அசையாது, அம்புக்குறி மட்டும் எங்கோ ஓடும். மற்றவர்கள் வைத்தால் ஒழுங்காக நகரும். குறை அவர் கையில்தான் என்று முடிவுகட்ட அது போதாதா? கையைக் கழுவிவிட்டு வாங்க என்றார்கள், மெதுவாக வையுங்க என்றார்கள். மவுஸ் கேட்டதற்கு, எல்லாரும் இதில்தானே பார்க்கிறார்கள் என்று மேனேஜர் வாயை அடைத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகச் சொல்லி லேப்டாப்பையும் கையில் கொடுத்தாராம்.

புதன்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தானின் வலது கையில் இரண்டு விரல்நுனியிலும் பிளாஸ்திரி. உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார், மனுஷன்.

“பொருந்தலன்னா தேய்க்கத்தானே வேணும்?” என்றார், ஏதோ இரும்புத்துண்டைப் பற்றிச் சொல்வதுபோல. அக்கா அழுது முடித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அந்த லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். டச்பேடில் விரல் எவ்வளவு அகலமாகப் படுகிறது என்பதை எண்ணாகவே பார்க்க அதில் வழி உண்டு. என் விரலுக்கு ஆறு என்றது. அத்தானை இடது கையை வைக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரலுக்கு ஒன்பது, நடுவிரலுக்குப் பன்னிரண்டு. பத்தைத் தாண்டினால் அது விரலே இல்லை, தவறிப்போய்ப் பட்ட உள்ளங்கை என்று, டச்பேடை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒதுக்கிவிடுகிறது. அவர் இரண்டு விரல் வைத்தாலும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

விரல் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று எந்த மகராசன் முடிவு செய்தான்? ஒரு நாளாவது அரத்தைத் தொட்டிருப்பானா? அந்தப் பத்து என்ற வரம்பைப் பதினாறாக்கினேன். மாற்றியது மொத்தமே ஒரு வரிதான். படம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அத்தான் சிரிக்கவில்லை. “அப்ப, கையில கோளாறு இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்தாராம். பரவாயில்லையே, பழகினால் விரல் தானாக வழிக்கு வருகிறது பாருங்கள் என்றாராம். எந்த மேனேஜரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அத்தான், பிளாஸ்திரி ஒட்டிய கையை மேஜைமேல் எடுத்து வைத்தாராம்.

“விரல் வழிக்கு வரல சார். கம்ப்யூட்டரத்தான் வழிக்குக் கொண்டுவந்தோம்.”