பங்களாவிலிருந்து இறங்கி வந்த மருந்துக்காரர்

வெள்ளைக்கல் தோட்டத்துப் பெரிய துரைக்கு இழுப்பு நோய் இருந்தது. அது துரைக்கும், பங்களாச் சமையற்கார அப்புவுக்கும், மருந்துக்காரர் நுஹ்மானுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அரநாயக்க ஊருக்கு மேலே, தேயிலையும் ரப்பருமாகக் கிடந்த அந்தத் தோட்டத்தில் துரை சொன்னதுதான் சட்டம். அவருடைய குதிரை வரும் பாதையில் யாரும் குடை பிடித்து நிற்கக் கூடாது. கொட்டும் மழையிலும் குடையை மடக்கிவிட்டுப் பாதையோர வடிகானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு உறவுக்காரர் வந்து தங்குவதற்கும் அவர் சம்மதம் தேவை. பிடிக்காத ஒருவரைக் குடும்பத்தோடு ஒரே நாளில் வெளியேற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் மூச்சு வாங்கித் தவிப்பதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

நுஹ்மான் மாவனல்லைக்காரர். வாப்பாவின் துணிக்கடையில் மனம் ஒட்டாமல் கொழும்புக்குப் போய் மருந்து கலக்கப் படித்தவர். 1922இல் தோட்டத்து மருந்துச் சாலைக்கு வந்து சேர்ந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பங்களாவிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் துரை நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நுஹ்மான் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது.

"யார் பாத்தது?" துரை கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒருத்தரும் பாக்கல்லைங்க."

"நீ இனி இங்கேதான் இருக்கிறது."

அன்றிலிருந்து பங்களாவின் பின்புறத்து அறை அவருடையதாயிற்று. துரை மலையேறினால் இவரும் பின்னால் ஏற வேண்டும். கண்டிக்குப் போனால் ஊசிப் பெட்டியோடு வண்டியில் உட்கார வேண்டும். எந்த மருந்தானாலும் நுஹ்மான் ஒரு மிடறு குடித்துக் காட்டிய பிறகே துரை வாயில் வைப்பார். மருந்துச் சாலை காலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்தது. அந்த ஒரு மணி நேரத்திலும் சனங்கள் அவரிடம் மனம் விட்டுப் பேசவில்லை. இவரிடம் சொன்னால் துரை காதுக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். அப்படி ஒரு வார்த்தைகூட அவர் போய்ச் சொன்னதில்லை. ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது?

மனைவி ஸாஹிரா மாவனல்லையிலேயே இருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற கணவனிடம் அவள் அதிகம் கேட்பதில்லை. ஒரு முறை மட்டும் சொன்னாள்: "ஊருல எல்லாரும் உங்கள டொக்டர்ங்கிறாங்க. ஒரு ஆளப் பாக்கிறதுக்கா இவ்வளவு படிச்சீங்க?"



1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. மார்கழி பிறப்பதற்குள் கேகாலைப் பக்கம் முழுவதையும் மலேரியாக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்கல்லிலும் லயத்துக்கு லயம் ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். "எல்லாம் வேலைக்குக் கள்ளம்" என்றார் துரை. காய்ச்சல்காரர்களும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்று கங்காணிகளுக்கு உத்தரவு போட்டார். தோட்டத்துக்கென வந்த கொயினா மாத்திரைகளைப் பங்களா அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, கொழுந்தெடுக்கும் இருளாயி பங்களாவின் பின்வேலிக்கு வந்து நின்றாள். அங்கே வர அவளுக்கு அனுமதி இல்லை. புருசன் நல்லையா நாலு நாளாகப் படுக்கை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஒரு கைக்குழந்தை முந்தின நாள் இறந்திருந்தது.

"ஒங்கள வரச் சொல்லலைங்க," என்றாள். "நீங்க தொரைக்கு வேணும், அது எங்களுக்குத் தெரியும். மருந்து மட்டும் குடுத்தீங்கன்னா நாங்களே குடுத்துக்குவோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் நுஹ்மானைச் சுட்டது. அவர் நேரே சமையலறைக்குப் போய் அப்புவைக் கூப்பிட்டார். ஊசியில் மருந்து ஏற்றுவது எப்படி, எந்த இடத்தில் குத்துவது என்று மூன்று தடவை செய்து காட்டினார். பிறகு துரையின் முன்னால் போய் நின்றார்.

"துரைக்கு இழுப்பு வந்தா ஊசி போட அப்புக்குப் பழக்கிட்டேன். நான் லயத்துக்குப் போறேங்க. பிள்ளைக் காம்பராவுல இருப்பேன்."

துரை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "போனா வேலை இல்லை."

"சரிங்க."



அன்று பகலே அரநாயக்கவுக்கு இறங்கி, அங்கே அரசாங்கம் திறந்திருந்த நிவாரண நிலையத்தில் ஒரு போத்தல் கொயினா கேட்டு வாங்கினார். ஸாஹிராவின் தம்பி பளீல் மாவனல்லைக் கடைத்தெருவில் அரிசியும் சீனியும் சேர்த்து லொறியில் ஏற்றி அனுப்பினான். கொழுந்துக்காரிகளின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்து, கடுங்காய்ச்சல்காரர்களை வரிசையாகக் கிடத்தினார்கள். கஞ்சி காய்ச்சும் பொறுப்பை இருளாயி எடுத்துக்கொண்டாள். கசப்பென்று மாத்திரையைத் துப்பும் ஆம்பிளைகளை அதட்டி விழுங்கவைப்பதும் அவள்தான். அவரை வெளியேற்ற வேண்டிய கங்காணிகள் கண்டும் காணாததுபோல் போனார்கள். அவர்கள் வீட்டிலும் காய்ச்சல் இருந்தது.

ஆறாம் நாள் அப்பு ஓடி வந்தான். "டொக்டர் மாத்தயா, துரைக்கும் காய்ச்சல். கட்டிலே ஆடுது."

அறையில் முப்பது பேர் மாத்திரைக்குக் காத்திருந்தார்கள். "இவங்களுக்குக் குடுத்து முடிச்சிட்டு வாறேன். அதுவரைக்கும் நல்லாப் போர்த்தி விடு," என்றார் நுஹ்மான். சொன்னபடியே முடித்துவிட்டு மேடேறினார்.

துரை கண்கள் சிவக்க அவரைப் பார்த்தார். "நீ என்னை விட்டுப் போனது."

"ரெண்டு பர்லாங்குதாங்க போனேன்." நுஹ்மான் நாடி பார்த்தார். "நான் கொண்டுவந்த மருந்து நாளையோட முடியுது. அலுமாரியில இருக்கிறது தோட்டம் முழுக்க ரெண்டு மாசத்துக்குக் காணும். திறப்பக் குடுங்க."

"குடுத்தா எனக்கு இருக்காது."

"இருக்குங்க. எல்லாருக்கும் இருக்கு."

துரை சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "என் தம்பி ஆப்பிரிக்காவிலே செத்தது. இதே காய்ச்சல். அங்கே மருந்து முடிஞ்சு போச்சு."

பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் நுஹ்மான் கேட்டிராத செய்தி அது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். துரையின் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"இங்க முடிய விடமாட்டேங்க," என்றார்.

துரை தலையணைக்கு அடியிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

தைப்பொங்கல் கழிந்து சில வாரங்களில் காய்ச்சல் தணியத் தொடங்கியது. வெள்ளைக்கல்லில் பதினொரு பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இதைவிடப் பல மடங்கு போயிருந்தது. நல்லையா எலும்பும் தோலுமாக எழுந்து, முதலில் வாசலுக்கும் பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் நடக்கப் பழகினான்.

துரை உடம்பு தேறியும் முழுக்க மாறிவிடவில்லை. குடையை மடக்கும் சட்டம் அப்படியே இருந்தது. ஆனால் நுஹ்மானை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சை அவர் எடுக்கவில்லை. மருந்துச் சாலை நாள் முழுதும் திறந்தது. சித்திரையில் பிள்ளைக் காம்பராவை ஒட்டி ஆறு கட்டில் போடும் அளவுக்கு ஓர் அறை கட்டச் சொன்னார். இழுப்பு வரும்போது இப்போதெல்லாம் அவரே மருந்துச் சாலைக்கு நடந்து வந்தார். காத்திருந்த சனங்கள் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் வாங்கிலில் நகர்ந்து இடம் கொடுத்தார். துரை சற்றுத் தயங்கிவிட்டு உட்கார்ந்தார்.

மருந்துச் சாலைக்குப் பக்கத்தில் நுஹ்மானுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்தது. வைகாசியில் ஸாஹிரா மாவனல்லையிலிருந்து பஸ்ஸில் வந்து, மூட்டை முடிச்சோடு தோட்டத்து முச்சந்தியில் இறங்கினாள். இருளாயி அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏத்தம் பலமா இருக்குமா?" என்று கேட்டாள் ஸாஹிரா.

"ஆமாம்மா. நடுவுல ரெண்டு எடத்துல ஒக்காரலாம்," என்றாள் இருளாயி. "வாங்க, பைய போவோம்."